மரத்தின் பெயர் தெரிந்த இரண்டு பேர்

எங்கள் அரவை மில்லின் பெல்ட் அறுந்து, கொத்தமல்லி அரைக்க வந்தவர்கள் சிதறி ஓடிய கதையைப் போன வாரம் எழுதினேன். அதைப் படித்த வாசகர் ஒருவருக்குக் கதையில் அக்கறையில்லை. அதோடு வந்த படத்தில் மில்லுக்குப் பின்னால் ஒரு மரம் தெரிகிறதாம், அது என்ன மரம் என்று கேட்டு ஆள் விட்டிருக்கிறார். ஐயா, அந்தக் கேள்விக்கு மாத்தளை டவுனில் ஒரு காலத்தில் ஆளுக்கொரு பதில் இருந்தது. கேட்டதுதான் கேட்டீர்கள், முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று காலை பின்கதவைத் திறந்தேன். முற்றம் முழுக்கப் பூ. கைப்பிடி அளவில், தடித்த இதழோடு, தேங்காய்ச் சில்லைச் சிதறவிட்ட மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகக் கிடந்தன. புளித்த பால் மணம் தூக்கியது. வருடக்கணக்கில் மிளகாய்த்தூளில் ஊறிய மூக்கு என்னுடையது. அதற்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாகப் பெயரில்லாமல் நின்ற மரம் முதல் தடவையாகப் பூத்திருந்தது.

முதல் மூட்டை கொத்தமல்லி வருவதற்குள் முற்றத்தில் சபை கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு விவாதம். வேலிக்கு அந்தப் பக்கம் சோமபால அண்ணன் பல் துலக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக். ஊரே வாய் கிழியப் பேசிய அந்த மரத்தைப் பற்றிப் பத்து வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர்.

அன்றைக்கு வாயைத் திறந்தார். அவர் சொன்னதை எழுதுவதற்கு முன்னால் அந்த மரம் முளைத்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஆளே இல்லாத வீதி

எண்பத்துமூன்றாம் வருடத்து ஆடி மாதக் கலவரத்தில் எங்கள் வீடும் மில்லும் எரிந்தன. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே மிளகுத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்து, பிறகு பள்ளிக்கூட முகாமில் கிடந்து, ஒருவழியாகத் திரும்பி வந்தோம். அதையெல்லாம் அழுதுகொண்டே எழுத எனக்கு இஷ்டமில்லை. அழுது முடித்தாகிவிட்டது.

திரும்பி வந்த பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். வீதியில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பல்லவி: "ஐயோ, அன்னிக்குப் பாத்து நான் ஊர்ல இல்லியே!"

தையல்கடைக்காரர் ரிவர்ஸ்டன் பக்கம் தங்கை வீட்டில் இருந்தாராம். வேன்காரர் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சீகிரியாவுக்குப் போயிருந்தாராம். நாடே ஊரடங்கில் கிடக்கிறது, இவர் மட்டும் வெள்ளைக்காரனுக்குக் குன்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சோமபால அண்ணன் பல்லேகமவில், மனைவியின் ஊரில், வயல் வேலையில் இருந்தாராம்.

ஆக, அன்றைக்கு எங்கள் வீதியில் ஆளே இல்லை. வீடு தானாகப் பற்றிக்கொண்டது. மில் மோட்டர் தானாகக் கழன்று, தானாக ரோட்டைக் கடந்து, போன இடம் தெரியாமல் போய்விட்டது. என்ன புத்திசாலி மோட்டர்!

இவர்களில் சோமபால அண்ணன் மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் வந்த அன்றே ஒரு சட்டி சோறும் பலாக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தார். கூரைக்குப் பழைய தகரம் கொடுத்தார். தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து எங்களுக்கு ஒரு பல்ப் எரிய வைத்தார். பிறகும் ஊரில் ஏதாவது சலசலப்பு என்றால் எங்கள் வாசல் படலையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். என்னை வாய்க்கு வாய் "நங்கி" என்பார். சிங்களத்தில் தங்கச்சி.

என் வீட்டுக்காரர் உருகிவிட்டார். அவர் பெயர் ராமையா. மில் ராமையா என்றால் டவுனில் தெரியாதவர்கள் இல்லை. யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லத் தெரியாத மனுஷன், அதாவது என்னைப் போன்ற ஒருத்தியிடம் வந்து மாட்டவே பிறந்தவர்.

நான் இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். என் அண்ணன் குடும்பத்தோடு கோத்தகிரிக்குப் போய்விட்டார். எங்களையும் வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் கப்பல் அப்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டை கட்ட எங்களிடம் என்ன இருந்தது? கட்டாமலே கிளம்பலாம்.

"சோமபால அண்ணன் பக்கத்துல இருக்கறப்ப நமக்கு என்ன பயம் சரசு?" என்றார் இவர். "அன்னிக்கு மட்டும் அவரு ஊர்ல இருந்திருந்தா, ஒருத்தன் நம்ம வாசலுக்கு வந்திருப்பானா?"

அந்த ஒரு பேச்சின் மேல்தான் எங்கள் குடும்பம் மாத்தளையில் உட்கார்ந்தது. கடன்பட்டுப் புது மோட்டர் வாங்கியது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போட்டது, என் அண்ணனிடம் வரவில்லை என்று சொன்னது, எல்லாமே பக்கத்து வீட்டு மனிதர் ஒருவரை நம்பித்தான். கொஞ்ச காலத்தில் கப்பலும் நின்றது. பிறகு நினைத்தாலும் போக முடியாது.

மரத்துக்கு வருகிறேன். முகாமிலிருந்து எங்களை அழைத்து வருவதற்கு முன்னால், இவர் தனியாகப் போய் முற்றத்தைத் துப்புரவு செய்துவிட்டு வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் பொட்டுப் பொட்டாகக் குத்துப்பட்டிருந்தது. "என்னங்க இது?" என்றேன். "தகரத்து ஆணி" என்றார். மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டேன். எத்தனை ஆணிதான் குத்தும் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மழை பிடித்த பிறகு, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கரிச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு கன்று எழும்பியது. மேலே பளபளவென்று பச்சை இலை, திருப்பினால் செம்பு நிறம். நான் நடவில்லை. பிடுங்கக் குனிந்தேன்.

"விடு சரசு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் இவர்.

வெள்ளைக் கோட்டு டொக்டர்

முதலில் அதற்குப் பெயர் வைத்தவர் என் அக்காவின் கணவர் வேலாயுதம் அத்தான். அவரைத் தெரியாமல் எங்கள் ஊர்ப்பக்கம் பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரர்கள் குறைவு.

கண்டி ரோட்டில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கின்றன அல்லவா, வெள்ளைக்காரர்களை இறக்கி, கராம்பு இது, கறுவா இது, வெனிலா இது என்று காட்டி, கடைசியில் ஒரு போத்தல் எண்ணெயைத் தலையில் கட்டும் இடங்கள். அப்படி ஒன்றில் அத்தான் வழிகாட்டி. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்வார், பெயர் டொக்டர் வேலா. ஒரே எண்ணெயை வழுக்கை விழுந்தவனிடம் முடி வளர்க்கும் என்று விற்பார், முடியுள்ள அவன் மனைவியிடம் முடி உதிர்க்கும் என்று விற்பார். நாட்டு நிலைமையால் வெள்ளைக்காரர் வரத்து நின்றுபோன காலத்தில் அளந்துவிட ஆளில்லாமல் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

கன்றைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இலையைத் திருப்பினார். அதற்குக் கோட்டு வேறு போட்டிருந்தார்.

"சாதிக்கா" என்றார். "சரசு, உனக்கு அதிர்ஷ்டம்மா. தங்கம் காய்க்கப் போகுது."

நான் ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தேன். எத்தனை மூட்டை சாதிக்காயும் அதைச் சுற்றியிருக்கும் வசுவாசியும் என் மில்லைத் தாண்டிப் போயிருக்கின்றன! அரைக்கிற எனக்குத் தெரியாத வாசமா? "ஒண்ணும் வரலியே அத்தான்" என்றேன்.

"இளசுல வராது."

இளசில் வராதாம். சரி என்று விட்டேன். வருடங்கள் போயின. கன்று மரமானது, மில் கூரைக்கு மேலே போனது. பூக்கவில்லை. எங்கள் மாத்தளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பெண் காய்க்கும், ஆண் சும்மா நிற்கும். அதனால் அத்தான் அடுத்த தீர்ப்பைச் சொன்னார்: "இது ஆண்."

"ஆண் மரமும் பூக்குமே அத்தான். காய்க்காது, அவ்வளவுதானே? பூவே பாக்காம எப்படி ஆண்னு சொல்றீங்க?"

"இது கொஞ்சம் வெக்கப்படற ஆண்மா" என்றார். முகத்தில் ஒரு சிரிப்புக் கூட இல்லை. இந்த வாய்க்குத்தான் வெள்ளைக்காரன் எண்ணெய் வாங்கினான்.

அது மில்லுக்கு வரும் பெண்களுக்குப் போதுமானதாக இருந்தது. "என்னக்கா, உங்க வீட்டு மாப்பிள்ளை இன்னும் பூக்கலியா?" என்று வருவோர் போவோரெல்லாம் கேலி. அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கிருந்தோ பெண் சாதிக்காய்க் குருத்துக் கொண்டுவந்து, ஒரு கிளையை வெட்டி, ஒட்டுக் கட்டி, மேலே பொலித்தீன் சுற்றினார். எங்கள் ஊரில் ஆண் மரத்தைப் பெண்ணாக்க அப்படிச் செய்வதுண்டு. ஒரு வாரத்தில் குருத்துக் கருகிப் போனது. "நரம்பு சேரல" என்றார். மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கவில்லை என்று மில்லில் இன்னொரு வாரம் சிரிப்பு.

இவ்வளவு கூத்துக்கும் என் வீட்டுக்காரர் மில்லுக்குள் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால், "அத்தானுக்குத் தெரியாததா?" என்பார். சோமபால அண்ணனிடமும் ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். குனிந்து ஏதோ ஸ்பெனரைத் தேடினார்.

"நான் இரும்பு மனுஷன் நங்கி, எனக்கு மரம் தெரியாது."

தோட்டம் முழுக்கக் கமுகும் மிளகும் ரம்புட்டானும் வைத்திருந்த மனிதர் சொன்னார் இதை.

மஞ்சள் துணி

சாதிக்காய் தோற்ற பிறகு சாமி வந்தது.

எங்கள் சின்னக் கோயில் பூசாரி மிளகாய் அரைக்க வந்தவர், மரத்தடியில் நின்று கண்ணை மூடினார். திறந்து, "அம்மா, இது நாகலிங்கம்" என்றார். தூளை வாங்கிக்கொண்டு காசைக் கூட மறந்துவிட்டுப் போனார். மறுநாள் மஞ்சள் துணியும் குங்குமமுமாக வந்து மரத்துக்குக் கட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து என் துவைக்கிற கல்லையும் சேர்த்துச் சுற்றினார்கள். நான் சோப்புக் கையோடு நடுவில் நின்றேன். என்னையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை துணியை அவிழ்த்து மோட்டர் கிரீஸ் துடைத்தேன். பூசாரி கொதித்துப் போனார். "நாகம் வரும்மா, நாகம் வரும்!" என்றார்.

"வரட்டும் சாமி, மில்லுல தூளுக்கா பஞ்சம்? கண்ணுல போடறேன்" என்றேன்.

நாகம் வரவில்லை, ஆமிக்காரர்கள் வந்தார்கள். வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்கள். மீசை அரும்பாத ஒரு பையன் துப்பாக்கியோடு முற்றத்துக்கு வந்து, மரத்தைப் பார்த்து, "இது என்ன மரம்?" என்றான். "தெரியாது" என்றேன். சொந்த முற்றத்தில் நிற்கிற மரத்தின் பெயர் தெரியாதா என்று அவனுக்குப் பெரிய சந்தேகம். அடையாள அட்டையை இன்னொரு தடவை பார்த்தான். மரத்துக்கு அடையாள அட்டை கேட்காமல் போனானே, அதுவரைக்கும் புண்ணியம்.

அன்றைக்கும் சோமபால அண்ணன் படலையில் வந்து நின்று, "இவங்க நல்லவங்க, எனக்குப் பழக்கமானவங்க" என்று சொல்லி அவர்களை அனுப்பினார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எனக்குக் கூட அன்று மனம் இளகியது. நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தப் பேச்சு

பூ கொட்டிய காலைக்குத் திரும்புகிறேன்.

அத்தான் கோட்டில்லாமல் ஓடி வந்திருந்தார். "பூத்துருச்சு பாத்தியா! நான் அப்பவே சொல்லல?" என்றார். சாதிக்காய்ப் பூ கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது, இது கைப்பிடி அளவு என்று நான் காட்டினேன். "மண்ணு வளம்" என்றார். பூசாரி ஒரு பூவை விரித்து உள்ளே லிங்கத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. நாகலிங்கத்தில் லிங்கமில்லாத சாதியும் உண்டு என்றார். அட போங்கப்பா!

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. வாயில் பற்பசை நுரை, முகம் முழுக்கச் சிரிப்பு. பிரியமானவர்களைப் பார்க்கிற மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஆடிக்குப் பாருங்க நங்கி. சதை மஞ்சளா வெண்ணெய் மாதிரி இருக்கும். கொட்டை இத்தனூண்டுதான்." கட்டைவிரல் நுனியைக் காட்டினார். "அந்த மாதிரி டூரியன் நான் அதுக்கப்புறம் சாப்பிட்டதே இல்ல."

டூரியன்.

அத்தான் உடனே, "அதான் நானும் நினைச்சேன்" என்றார். முள்ளுத் தோலும் ஊரைத் தூக்கும் நாற்றமுமாக இருக்கிற பழமல்லவா, பூசாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். சபையில் ஒரே சிரிப்பு. நான் மட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்கப்புறம் அண்ணே?" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பிரஷ் வாயிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார், துவைக்கிற கல்லைப் பார்த்தார், நுரையைத் துப்பாமலே வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே பைப் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் திறந்தே இருந்தது.

எனக்குக் கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. டூரியன் பழுப்பது ஆடியில். வீடு எரிந்தது ஆடியில். என் முற்றத்தில் அதற்கு முன்னால் டூரியன் வந்ததே கிடையாது, எனக்கு அந்த நாற்றமே ஆகாது. யாரோ என் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, பழத்தைப் பிளந்து, ஆறஅமரத் தின்று, கொட்டையைத் துப்பியிருக்கிறார்கள். எதிரே என் வீடு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வெளிச்சத்துக்குக் குறைவிருந்திருக்காது.

பல்லேகமவில் வயல் வேலை செய்துகொண்டிருந்த மனிதருக்கு அந்தப் பழத்தின் கொட்டை அளவு தெரிந்திருக்கிறது.

பத்திரமான ஆள்

மில்லுக்குள் போய் சுவிட்சை அணைத்தேன். பெல்ட் ஓடி ஓய்கிற வரைக்கும் இவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். புருவமெல்லாம் மிளகாய்த்தூள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

"முத நாளே தெரியும்" என்றார். "முற்றம் பூரா முள்ளுத் தோலு கிடந்துச்சு. அள்ளி எரு குழியில போட்டேன். நாலஞ்சு பேரு உக்காந்து சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. கல்லு மேல ஒரு செருப்பும் கிடந்துச்சு. டிப்போ டயர்ல வெட்டித் தச்சது."

உள்ளங்கையில் குத்தின ஆணி எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"செருப்ப என்ன பண்ணுனீங்க?"

"வேலிக்கு அந்தாண்ட வச்சிட்டேன். மறுநாள் காலையில உங்கள கூட்டிட்டு வந்தப்ப காணோம். அன்னிக்குச் சாயந்தரம்தான் சோறு கொண்டாந்தாரு."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று பத்திரிகையில் எழுத முடியாது. இந்த மனிதரை நம்பித்தானே போகாமல் இருந்தோம், தெரிந்துகொண்டே பத்து வருடம் அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்டீர்களே, என்னிடம் சொல்ல வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே கப்பல் ஏறியிருப்ப."

"ஏறித்தான் இருப்பேன்!"

"எனக்குப் போக மனசு இல்ல சரசு. நான் பொறந்த ஊரு இது." பெல்ட்டைத் தடவினார். "தீ வச்சது அவரு இல்ல. கூட்டத்தோட வந்து உக்காந்திருக்காரு, குடுத்தத தின்னுருக்காரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த வெக்கத்தோடயே இருக்காரு. எங்க போனாலும் யாரோ ஒருத்தன் பக்கத்துல இருந்துதானே ஆகணும்? வெக்கப்பட்டவன் பக்கத்துல இருக்கறது பத்திரம்."

என்ன ஒரு கண்டுபிடிப்பு! தெரியாதவர்கள் எல்லோரும் பெயர் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மரத்தைப் பற்றி, தெரிந்த இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாய் மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வெட்கம், ஒருவருக்குப் பெருந்தன்மை. நடுவில் நான் ஒரு முட்டாள், பலாக்காய்க் கறி நன்றாக இருந்தது என்று சட்டியைக் கழுவி, அதற்குள் கொஞ்சம் மல்லித்தூளும் போட்டுத் திருப்பிக் கொடுத்தவள்.

தீ வைக்கவில்லையாம். வைத்தவனைக்கூட வெறியன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பக்கத்து வீடு எரிகிறபோது உட்கார்ந்து பழத்தைச் சுவைத்து, கொட்டை சின்னது என்று பத்து வருடம் ஞாபகம் வைத்திருக்கிறவனுக்கு என்ன பெயர்? இவருடைய மனசு எனக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. மிளகாய் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன். எரிந்த வீட்டுக்காக அழவில்லை, வீணாக நம்பினேனே என்று அழுதேன்.

மறுநாள் கோடரியை எடுத்தேன். இவர் தடுக்கவில்லை. "வெட்டணும்னா வெட்டு" என்றார். மரத்தடியில் போய் நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் சீலை அசைந்தது. அப்போதுதான் புத்தி வந்தது. வெட்டினால் யாருக்கு லாபம்? அவருக்குத்தான். எனக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த மரம். கோடரியைக் கொண்டுபோய் மூலையில் வைத்தேன்.

உள்ளே வாங்க

அதன்பிறகு சோமபால அண்ணன் வேலிப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். டிப்போவுக்குக் கூடச் சுற்றுப்பாதையில் போனார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆடி வரட்டும் என்று இருந்தேன். மரத்தில் காய் தொங்கத் தொடங்கியதும் தினமும் காலையில் எண்ணெய் விளக்கு வைக்காத குறையாக அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

முதல் பழம் ஒருநாள் காலையில் மில் கூரைத் தகரத்தில் விழுந்தது. நாட்டில் எங்கே பார்த்தாலும் வெடிச் சத்தம் கேட்கிற காலம். அரைக்க வந்த பெண்கள் மூட்டைக்குப் பின்னால் படுத்துவிட்டார்கள். தையல்கடைக்காரர் கடையை இழுத்து மூடினார். இந்தத் தடவை எல்லோரும் ஊரில்தான் இருந்தார்கள்.

நான் பழத்தைச் சாக்கில் சுற்றி எடுத்தேன். வேலிக்குப் போனேன்.

"சோமபால அண்ணே!"

வந்தார். தலை நரைத்துப் போயிருந்ததை அன்றுதான் பார்த்தேன். சாக்கைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அன்னிக்கு வெளியில உக்காந்து சாப்பிட்டீங்க" என்றேன். அவர் பாஷையில், சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் சொன்னேன். "இன்னிக்கு உள்ள வந்து உக்காருங்க."

வரமாட்டார் என்று நினைத்தேன். படலையைத் திறந்துகொண்டு வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்தார். நான் கதிரையைக் காட்டினேன். அந்த வீட்டின் ஒரு சுவரில் இன்னும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கரி தெரியும். கதிரையை அந்தச் சுவருக்கு எதிரே போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்துப் பழத்தைப் பிளந்தார். கையில் குத்தத்தான் குத்தியது.

வெண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளிறிப்போன சதை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு பூச்சு. உள்ளே முழுக்கக் கொட்டைதான், ஒவ்வொன்றும் கோழி முட்டை பருமன். சாப்பிட்ட பழம் எப்படி இருந்ததோ, துப்பின கொட்டையில் வந்தது இதுதான்.

பீங்கான் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். சாப்பிட்டார். ஒரு சுளையையும் விடாமல், தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். "மன்னிச்சுக்க நங்கி" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மில் வீட்டில் எல்லோருக்கும் வருவதுதான் அது என்று இவர் சமாளித்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகு கொட்டைகளை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பீங்கானில் திருப்பி வைக்கவில்லை. தரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், இரண்டு கையிலும் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கீழ போட்டுடாதீங்க அண்ணே" என்றேன். "முளைச்சிரும்."

அவர் எழுந்து, கொட்டைகளை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.